கண்ணில் படக்கூடாத கதவு

வெள்ளைக் கதவு கேட்டு வருகிறவர்களைப் பார்த்து நீங்கள் உள்ளுக்குள் சிரிப்பது எனக்குத் தெரியும். நானும் சிரித்தவள்தான். போனில் ஒரு படத்தைக் காட்டி, "இதே மாதிரி, வீடு முழுக்க" என்பார்கள். அந்தப் படத்தில் குழந்தை இருக்காது, நாய் இருக்காது, சாம்பார்க் கையோடு கதவைத் தள்ளும் மனுஷர் ஒருவரும் இருக்க மாட்டார். "அதனாலதான் அது அவ்வளவு வெள்ளையா இருக்கு" என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வரும். விழுங்கிக்கொண்டு, "நல்ல செலக்ஷன் மேடம்" என்பேன். இப்போது ஓய்வு பெற்றாயிற்று. இனி விழுங்க வேண்டியதில்லை.

அடுகோடியில் நம் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். கீல், தாழ்ப்பாள், பலகை, பாலிஷ் எல்லாம் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். அதில் நான் மூக்கை நுழைக்கவில்லை. வெள்ளையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் சின்னதாக ஒன்று. கல்யாணமான புதிதில் ஒரு பெண் நம் கடையில் அரை நாள் நின்று ஒரு வெள்ளையைத் தேர்ந்தெடுத்தாள். கதவு மாட்டிய மறுநாள் அழாத குறையாகப் போன் செய்தாள். "மேடம், பச்சைக் கதவை மாத்தி அனுப்பிட்டீங்க." போய்ப் பார்த்தேன். கதவு அதேதான். படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே ஒரு பெரிய மழைமரம், அதன் பச்சை முழுக்க எங்கள் வெள்ளையில் வந்து உட்கார்ந்திருந்தது. வெள்ளைக்கென்று சொந்தமாக எதுவும் கிடையாது, பக்கத்தில் இருப்பதை வாங்கிக்கொள்ளும். ஆகவே கடை விளக்கில் வைத்து யாருக்கும் வெள்ளையை விற்காதீர்கள். சாம்பிளைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். அங்கே யார் இருக்கிறார்கள் என்றும் பாருங்கள்.

யார் இருக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்வதற்குக் காரணம் தொம்மலூரில் ஒரு வீடு.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு நித்யா என்று ஒரு பெண் கடைக்கு வந்தாள். நாற்பதைத் தாண்டியவள், கழுத்தில் ஆபீஸ் அட்டை, கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. வீட்டுக்குள் எல்லாக் கதவும் வெள்ளை வேண்டும் என்றாள். சரி, இன்னொரு போன் படம் வரப் போகிறது என்று காத்திருந்தேன். படம் வரவில்லை.

"ஹால்லேர்ந்து முன்பக்கம் போற கதவு மட்டும் கொஞ்சம் வேற மாதிரி வேணும் ஆன்ட்டி. நிலை தெரியக்கூடாது. கைப்பிடி வேணாம். சுவரோட சுவரா இருக்கணும். பாத்தா அங்க கதவு இருக்குன்னே தெரியக்கூடாது."

"ஸ்டைலுக்காகவா?" என்றேன்.

"இல்ல," என்றவள் பையைத் திறந்து எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள். அழுகையை மறைக்கப் பையைத் துழாவும் பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். "நாளைக்கு வீட்டைப் பாக்க வரேம்மா" என்று சொல்லி அனுப்பினேன்.

வீடு பழைய தொம்மலூருக்குள் ஒரு தனி வீடு. சுற்றிக் கண்ணாடிக் கட்டடங்கள் வளர்ந்துவிட்டன, இது மட்டும் தரைத் தளத்தோடு நின்றுவிட்டது. நித்யாவின் அம்மா சாரதாம்மாதான் கதவைத் திறந்தார். பின்னால் அயர்ன் செய்த சட்டை, பாலிஷ் போட்ட ஷூ, கையில் தோல் பையோடு ஒரு பெரியவர் நின்றிருந்தார். அவர்தான் கோபாலன் சார், சாரதாம்மாவின் கணவர்.

"நீவு நாளெ பன்னி," என்றார் என்னிடம் கன்னடத்தில், நாளைக்கு வாருங்கள் என்று. "இன்னைக்கு மினிஸ்டர் மீட்டிங் இருக்கு."

மாநில அரசாங்கத்தில் பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பெற்ற ஓய்வை மறந்துவிட்டார். டிமென்ஷியா. தினமும் காலையில் உடுத்திக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்புவார். அப்படிக் கிளம்பி இரண்டு முறை தெருவுக்குப் போய்விட்டிருக்கிறார். ஒரு முறை டிராஃபிக் போலீஸ்காரர் பெரிய சாலையின் நடுவிலிருந்து அழைத்து வந்திருக்கிறார்.

முன் கேட்டைப் பூட்டலாமே என்று நான் கேட்டேன். நீங்களும் அதைத்தான் கேட்பீர்கள். பூட்டிப் பார்த்திருக்கிறார்கள். கேட்டைப் பிடித்து உலுக்கி, "என்னை ஜெயில்ல போட்டுட்டாங்க" என்று தெருவே கூடும்படி கத்தியிருக்கிறார். ஏறிக் குதிக்கப் போய் முழங்காலைக் கிழித்துக்கொண்டிருக்கிறார். பூட்டைக் கண்டால் அந்த மென்மையான மனுஷர் வேறொருவராகிவிடுகிறார்.

மகள் என்னைச் சமையலறைக்கு அழைத்துப் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னாள். "ஆன்ட்டி, நான் சர்ஜாபூர் ரோட்ல இருக்கேன். தினம் ஆபீஸ்ல உக்காந்து போனையே பாத்துண்டிருக்கேன். ஓசூர் ரோட் பக்கம் ஒரு ஹோம் இருக்கு, நல்லா பாத்துக்கறாங்க. அம்மா ஒத்துக்க மாட்டேங்கறா. இந்தக் கதவு கடைசி முயற்சி. இன்னொரு வாட்டி அப்பா வெளில போயிட்டா, ஹோம்தான். அம்மாவும் சரின்னு சொல்லிட்டா."

சாரதாம்மா அடுப்பைப் பார்த்தபடியே, "சரின்னு சொல்லல, வாயை மூடிண்டேன்" என்றார். பிறகு என்னிடம் திரும்பினார். "அவரை ரூம்ல போட்டுப் பூட்ட மாட்டேன் மேடம். என் கையால தாழ்ப்பாள் போட மாட்டேன். கதவு அவர் கண்ணுல படலேன்னா, அவருக்கே போகணும்னு தோணாதில்லையா? அது பூட்டறது ஆகாதில்ல?"

கதவு விற்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? "ஆகாதும்மா" என்றேன். எனக்கே முழுசாக நம்பிக்கை இல்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதுவும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் மகளோடு சண்டை போட்டேன். வீடு முழுக்க வெள்ளை என்று அவள் சொன்னதை ஒத்துக்கொள்ளவில்லை. "முன் கதவு சுவர்ல கரைஞ்சு போறதுக்கு வெள்ளை. சரி. பாத்ரூம் கதவும் கரைஞ்சு போயிட்டா அப்பா எங்கம்மா போவார்?" என்றேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். பாத்ரூமுக்கு நல்ல அடர்நீலம் போட்டோம். ஆல்பத்துக்காகப் படம் பிடிக்க வந்த நம் கடைப் பையன், "மேடம், ஒரே ஒரு நீலக் கதவு மொத்த லுக்கையும் கெடுக்குது" என்றான். அவன் லுக்கைப் பற்றி நான் சொன்னதை இங்கே எழுதினால் அச்சில் வராது.

அந்த முன் கதவுக்கு எந்த வெள்ளை என்று தேர்ந்தெடுப்பதுதான் என் வேலை வாழ்க்கையில் ஆகக் கடினமான தேர்வு. அந்த ஹால் சுவர் ஒரு காலத்தில் வெள்ளை. விளக்கேற்றிய புகை, ஊதுபத்தி, வெயில் எல்லாம் சேர்ந்து அதற்கு ஒரு பழைய பற்களின் நிறம் வந்திருந்தது. எந்தக் கேட்டலாக்கிலும் அது இல்லை. புதுக் கதவை வைத்தால் பளீரென்று "இங்கே இருக்கிறேன்" என்று கூவும். கடைசியில் சுவரையும் கதவையும் ஒரே நாளில், ஒரே வாளிப் பெயின்டில், ஒரே கையால் அடிக்க வைத்தேன். கீல் உள்ளே மறைந்திருக்கும். பூட்டு கிடையாது, விரலால் ஓரத்தில் அழுத்தினால் திறக்கும். அங்கே கதவு இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு ஒரு நொடி வேலை. தெரியாதவர்களுக்கு அது வெறும் சுவர்.

அது வேலை செய்தது. சாரதாம்மா போன் செய்து, "இன்னைக்கு அவர் ஆபீஸ் போகல மேடம்" என்றார். சந்தோஷமாகத்தான் சொல்ல ஆரம்பித்தார். முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது.

வேலை சரியாக நடந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு காலையில் போனேன். கோபாலன் சார் ஹாலில் உடுத்திக்கொண்டு, பையோடு நின்றிருந்தார். உள்ளங்கையால் சுவரைத் தடவிக்கொண்டே இரண்டடி நடப்பார், நிற்பார், மறுபடி தடவுவார். என்னைப் பார்த்ததும் மிக மரியாதையாகக் கேட்டார்.

"ஏம்மா, இங்க ஒரு கதவு இருந்துதே?"

இருக்கிறது என்றால் போய்விடுவார். இல்லை என்றால் ஒரு நல்ல மனுஷரிடம் அவர் முகத்துக்கு நேரே பொய். "சார், காபி ஆயிடுச்சு, வாங்க" என்று கையைப் பிடித்தேன். வந்தார். காபி குடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் வரை அப்படியே இருப்பாராம். பஸ் வராத ஸ்டாப்பில் உட்கார்ந்திருப்பவரைப் போல.

வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு மனசு சரியில்லை. கேட்டது செய்து கொடுத்தாயிற்று. கேட்டவர்களுக்குத் தேவையானது செய்து கொடுத்தோமா என்று தெரியவில்லை. அப்படி ஒரு சந்தேகம் வந்தால் அதை உதறிவிடாதீர்கள். வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகும் அது கூட வரட்டும்.

பிறகு உகாதி வந்தது.

நான் பிரேசர் டவுனில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் உகாதி கிடையாது, கடைக்கு விடுமுறை என்பதோடு சரி. காலையில் மெதுவாக எழுந்து டீ போட்டுக்கொண்டிருந்தபோது சாரதாம்மாவின் போன்.

"ஸ்டெல்லா, அவரைக் காணோம்."

அதுவரை மேடம் என்றுதான் கூப்பிடுவார். பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அடுப்பை அணைத்தேன்.

"அடுப்புல ஒப்பட்டு போட உள்ள போனேன். வந்து பாத்தா ஆள் இல்ல. பக்கத்து வீட்டு ஆளுங்க பஸ் ஸ்டாப் பக்கம் தேடறாங்க. ஸ்டெல்லா, உனக்குக் கையெடுத்துக் கும்பிடறேன், நித்யாகிட்ட மட்டும் சொல்லாத. அவளுக்குத் தெரிஞ்சா அவரை அனுப்பிடுவா."

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் போனைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். அந்த அம்மாள் என்னை நம்பிக் கூப்பிட்டிருக்கிறார். ரகசியத்தைக் காப்பாற்றினால் கணவர் அவரோடு இருப்பார். ஆனால் அந்த ரகசியத்தை வைத்துக்கொண்டு தேடும் நேரத்தில் அவர் ரிங் ரோட்டை எட்டிவிட்டால்? சாரதாம்மாவிடமே திரும்பப் போன் செய்தேன். "அம்மா, நான் நித்யாகிட்ட சொல்லப் போறேன். உங்க முதுகுக்குப் பின்னாடி சொல்ல விருப்பமில்ல, அதான் முதல்ல உங்ககிட்ட சொல்றேன்." போன் வைக்கப்பட்டது. நித்யாவை அழைத்துச் சொன்னேன். "வரேன்" என்றாள், அவ்வளவுதான்.

பிள்ளைகளே, அந்த இரண்டு போனும் இன்னும் என் காதில் இருக்கின்றன. ஆனாலும் மறுபடி அந்த ஆட்டோவில் உட்கார வைத்தால் அதையேதான் செய்வேன்.

தொம்மலூர் வீட்டுக்குள் நுழைந்து ஹாலில் நின்று பார்த்ததும் புரிந்துவிட்டது. எங்கள் வெள்ளைச் சுவரில், நிலையே இல்லாத இடத்தில், மறைந்த கதவின் தலைக்கு மேல் பச்சைப் பசேலென்று ஒரு மாவிலைத் தோரணம், நடுநடுவே வேப்பிலை. அதன் கீழே கதவு திறந்து கிடந்தது.

சாரதாம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "நான்தான் கட்டினேன்," என்றார். "கேட்ல கட்டினேன், பூஜை ரூம்ல கட்டினேன், கை அதுவா இங்கயும் கட்டிடுத்து. கல்யாணமாகி வந்ததுலேர்ந்து இந்த வாசல்ல கட்டாத உகாதி இல்ல. கண்ணுக்கு மறைஞ்சாலும் கைக்கு மறையல."

யாராவது கோபித்துக்கொள்ள முடியுமா? எங்கள் வீட்டு வாசல் நிலையிலும் குருத்தோலை ஞாயிறன்று கொண்டுவந்த ஓலைச் சிலுவை ஒன்று எப்போதும் செருகியிருக்கும். வருஷா வருஷம் பழையதை எடுத்துப் புதியதைச் செருக என் கை யோசிப்பதில்லை. அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் அந்த மறைந்த கதவின் தலையில் ஒன்றைச் செருகியிருப்பேன்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அவருக்குக் கதவு தெரியவில்லை. தோரணம் தெரிந்தது. தோரணத்துக்குக் கீழே வாசல் இருக்கும் என்பது மட்டும் அவரிடம் இன்னும் மிச்சமிருக்கிறது. பெயரையும் வருஷத்தையும் எடுத்துக்கொண்ட நோய் அதை எடுக்கவில்லை. அப்படியானால் இன்று அவர் பஸ் ஸ்டாப்பைத் தேடிப் போயிருக்க மாட்டார். இன்று இந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு தோரணம்.

"பஸ் ஸ்டாப்பை விடுங்க," என்று வெளியே வந்து கத்தினேன். "ரோட்ல தேடாதீங்க. தோரணம் கட்டின வீடு ஒவ்வொண்ணா உள்ள பாருங்க!"

பக்கத்து வீட்டு ஆட்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்த்தாலும் ஓடினார்கள். நானும் சாரதாம்மாவும் இன்னொரு சந்துக்குள் நுழைந்தோம். அவர் என் கையைப் பிடிக்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

சந்து திரும்பியதும் மஞ்சள் பெயின்ட் அடித்த ஒரு வீடு, கதவு அகலத் திறந்து, மேலே தோரணம். உள்ளே ஹாலில் சோபாவில் கோபாலன் சார். காலருகே தோல் பை. உள்ளங்கையில் வேப்பம்பூவும் வெல்லமும், உகாதி பேவு பெல்லா. எதிரே அந்த வீட்டுக்காரர், புது வேட்டி கட்டிய கன்னடக்காரர், கைகட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கோபாலன் சார் அவரிடம் உங்கள் ஃபைலைப் பார்த்துவிட்டேன், எல்லாம் சரியாக இருக்கிறது, நாளைக்கு வாருங்கள் என்று கன்னடத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்களைப் பார்த்ததும் வீட்டுக்காரர் ரகசியமாகச் சிரித்தார். வந்தவர் யாரென்று தெரியவில்லை, பக்கத்தில் விசாரிக்க மகனை அனுப்பியிருப்பதாகச் சொன்னார். சாரதாம்மா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அவர் விடவில்லை. "ஹப்பத தின மனெகெ பந்தோர்ன எப்பிஸ்தீவா அம்மா?" என்றார். பண்டிகை நாளில் வீட்டுக்கு வந்தவரை எழுப்பி அனுப்புவோமா என்று கேட்கிறார். அந்த மனுஷரின் பெயர்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். நன்றாக இருக்கட்டும்.

நாங்கள் வீடு திரும்பும்போது நித்யா கேட் அருகில் நின்றிருந்தாள். அப்பாவைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். அடிபடவில்லை என்று தெரிந்ததும் அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஹாலுக்குள் வந்ததும் சொன்னாள், "போதும்மா. நாம பேசினதுதான். நாளைக்கு ஹோமுக்குப் போன் பண்றேன்."

சாரதாம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்த வயதில் அதன் மேல் ஏறி, தோரணத்தைப் பிடுங்கத் தொடங்கினார். இலைகள் தரையில் விழுந்தன. நித்யா ஓடிப்போய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் அவுக்கற சாரதா?" என்றார் கோபாலன் சார். கோபமாக இல்லை, புரியாமல். "பண்டிகையும் அதுவுமா வாசலை வெறும்னு விடலாமா?"

சாரதாம்மாவின் கை நின்றது. நாற்காலி மேல் நின்றபடியே குலுங்கிக் குலுங்கி அழுதார். கீழே நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்த மகள் தலையை அம்மாவின் புடவையில் புதைத்துக்கொண்டாள். நான் வந்த காரியம் கதவு. ஆனால் அந்த இடத்தில் கண் கலங்காமல் நிற்க நான் என்ன பலகையா?

அப்போது எனக்கு ஒரு பக்கவாட்டுக் கதவு கண்ணில் பட்டது. சாப்பாட்டு மேஜைக்குப் பின்னால் பக்கச் சந்துக்குப் போகும் ஒரு கதவு அந்த வீட்டில் உண்டு. வேலை தொடங்கியபோதே பார்த்ததுதான். துணி காயப் போடப் போவதற்கு மட்டும் திறப்பார்கள். அந்தச் சந்து கொடிக் கயிற்றைத் தாண்டி, ஒரு தென்னையைச் சுற்றி, வீட்டின் பின்புறம் போய்ச் சமையலறைக் கதவில் முடியும். முன்பக்கம் கேட்டை நோக்கி மட்டும் திறந்திருந்தது.

"நித்யா," என்றேன், "ஹோமுக்குப் போன் பண்றதை ரெண்டு வாரம் தள்ளிப் போடும்மா. எனக்காக வேணாம். ஒரு கதவு பாக்கி இருக்கு."

"என்ன கதவு ஆன்ட்டி? இருக்கறதையெல்லாம் மறைச்சாச்சே."

"அதான் தப்பாயிடுச்சு. மறைக்கறதை மட்டும் செஞ்சோம். அவர் போறதுக்கு ஒண்ணு வைக்கல."

அவள் தரையில் விழுந்த இலைகளைப் பொறுக்கத் தொடங்கினாள். "ரெண்டு வாரம்," என்றாள்.

சந்தின் முன்பக்கத்தைச் சுவர் உயரத்துக்கு ஒரு தட்டி வைத்து அடைத்தோம். அதற்கும் மதிலின் அதே வெள்ளைதான், இப்போது அந்த வித்தை எங்களுக்குக் கைவந்திருந்தது. பக்கக் கதவைத் தேக்கு நிறத்துக்கு மாற்றினோம், நல்ல பித்தளைக் கைப்பிடி போட்டோம். முன் கதவில் மிச்சமிருந்ததை எடுத்துவிட்டு, இதன் தலையில் சாரதாம்மா புதுத் தோரணம் கட்டினார். பின்புறச் சமையலறைக் கதவு முன்னால் தினமும் கோலம் போட ஆரம்பித்தார். வீட்டின் பின்வாசலுக்குக் கோலம் போடுவதைப் பார்த்து வேலைக்கு வரும் பெண், "தலைகீழா போறது இந்த வீடு" என்றாளாம்.

முதல் காலையில் நான் அங்கே இருந்தேன். கோபாலன் சார் உடுத்திக்கொண்டு பையோடு ஹாலுக்கு வந்தார். வெள்ளைச் சுவரைத் தடவவில்லை. சுற்றிப் பார்த்தார், மாவிலையைக் கண்டார், நேரே போய்ப் பித்தளைக் கைப்பிடியைத் திருகினார். "வரேன் சாரதா" என்றார்.

"பாத்துப் போயிட்டு வாங்கோ" என்றார் சாரதாம்மா.

அவர் கொடிக் கயிற்றுக்கு அடியில் குனிந்து, தென்னைக்கு அருகே நின்று யாருடனோ தலையசைத்துப் பேசி, மெல்ல நடந்து பின்பக்கம் திரும்பினார். சாரதாம்மா அதற்குள் வீட்டுக்குள்ளேயே ஓடிப்போய்ச் சமையலறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். கோபாலன் சார் கோலத்தைப் பார்த்தார். மிதிக்காமல் ஓரமாகக் கால் வைத்து ஷூவைக் கழற்றினார்.

"வந்துட்டீங்களா? பஸ் கிடைச்சுதா?"

"கிடைச்சுது. இன்னைக்குக் கூட்டமே இல்ல." பையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து காபி கேட்டார். அன்று அவர் நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை. வேலைக்குப் போய்விட்டு வந்தவரைப் போலக் கால் நீட்டித் தூங்கினார்.

நாங்கள் எல்லோரும் அவர் வீட்டை விட்டுப் போக நினைக்கிறார் என்றே நினைத்திருந்தோம். திரும்பி வருவதும் அதில் சேர்ந்ததுதானே. போகாதவர் எப்படி வீட்டுக்கு வர முடியும்? இந்தச் சின்ன விஷயம் அத்தனை பெரிய ஆட்களுக்கும் தோன்றவில்லை.

அந்த இரண்டு வாரம் முடிகிற ஞாயிற்றுக்கிழமை நித்யா வந்தாள். முடிவு சொல்ல வந்தாள் என்று எல்லோருக்கும் தெரியும். சாரதாம்மா என்னையும் வரச் சொல்லியிருந்தார். உகாதிக்குப் பிறகு என்னிடம் அவர் முகம் கொடுத்துப் பேசிய முதல் பேச்சு அதுதான். "ஸ்டெல்லா, நீ பக்கத்துல இருந்தா தைரியமா இருக்கும்." மூன்று பேரும் சமையலறையில் நின்றிருந்தோம். கோபாலன் சார் ஏற்கெனவே பக்கக் கதவு வழியாக ஆபீசுக்குப் போயிருந்தார்.

"நீ போய்த் திற" என்றார் சாரதாம்மா மகளிடம்.

நித்யா பின் கதவைத் திறந்து நின்றாள். அவர் தென்னையைச் சுற்றி வந்தார். ஒரு வருஷத்துக்கு மேலாக அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சில நாள் டாக்டர் என்பார், சில நாள் வாடகைக்கு வீடு பார்க்க வந்தவள் என்பார். கோலத்தருகே வந்து நிமிர்ந்து, கதவில் நிற்கிறவளைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"நித்தி, ஸ்கூல் விட்டாச்சா?" என்று கேட்டு, அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது தினம் சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்து கொடுத்ததைப் போலவே பையை அவள் கையில் கொடுத்தார்.

அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "விட்டாச்சுப்பா" என்றாள். ஹோம் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு அந்த வீட்டில் எழவில்லை.